உருவ ஓவியத்தில் கண் முகத்துக்கு வராமல் ஜன்னலுக்குப் போனால் என்ன செய்வது?

ஜன்னலோரம் உட்கார்ந்து கடிதம் படிக்கும் ஒரு பெண்ணை ஆயில் கலரில் வரைந்திருக்கிறீர்கள். முகத்துக்குத்தான் அதிக உழைப்பு போயிருக்கிறது. ஆனால் பார்க்கிறவர்கள் முதலில் ஜன்னலைப் பார்க்கிறார்கள், அடுத்து மூலையில் கிடக்கும் சிவப்புக் குஷனை, முகம் மூன்றாவதாகத்தான் வருகிறது. முகத்தை இன்னும் வெளிச்சமாக்க வேண்டுமா, நிறத்தைக் கூட்ட வேண்டுமா, இல்லை கம்போசிஷனே, அதாவது எதை எங்கே வைப்பது என்ற அமைப்பே, தவறா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: பார்க்கிறவரின் கண் எங்கே போகும் என்பது ஓவியரின் கையில் எவ்வளவு தூரம் இருக்கிறது? பல வருடங்களாக உருவ ஓவியம் வரைந்தும் சொல்லிக்கொடுத்தும் வருகிறவன் என்ற முறையில், பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முகத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். அதோடு போட்டி போடுகிற மற்றவற்றை அடக்குங்கள். ஓவியத்தில் ஒன்றை முக்கியமாக்குவது பெரும்பாலும் மற்றவற்றைக் குறைக்கிற வேலைதான். கஷ்டப்பட்டு வரைந்ததை மங்கலாக்க மனசு வராமல் போவதால்தான் நல்ல திறமையுள்ளவர்களின் ஓவியங்கள்கூட இந்த இடத்தில் மாட்டிக்கொள்கின்றன.

கண் எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம், ஏனென்றால் இந்தப் பகுதியில் சந்தேகத்துக்கு இடமில்லை. ஒரு சமயத்தில் நம்மால் மிகத் தெளிவாகப் பார்க்க முடிகிற இடம் ரொம்பச் சின்னது, கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் மறைக்கிற அளவுதான். மற்றதெல்லாம் மங்கல். அதனால் கண் நொடிக்கு மூன்று நான்கு தடவை இடம் மாறித் தாவிக்கொண்டே இருக்கிறது. அடுத்து எங்கே தாவுவது என்று முடிவு செய்ய அதன் கைவசம் இருப்பது ஓரப்பார்வை கொடுக்கிற மங்கலான தகவல் மட்டுமே. ஓரப்பார்வைக்கு நுணுக்கம் தெரியாது, நிற வித்தியாசமும் குறைவாகத்தான் தெரியும், ஆனால் பெரிய வெளிச்சமும் பெரிய இருட்டும் சந்திக்கிற இடம் நன்றாகவே தெரியும். நீங்கள் இமையில் வரைந்த ஒவ்வொரு முடியும் கண் அங்கே வந்து சேர்ந்த பிறகு தெரியப்போகிறது. கண்ணை அங்கே வரவழைக்க அதற்குச் சக்தி கிடையாது. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு ஓவியத்தைப் பார் என்று எல்லா ஆசிரியர்களும் சொல்வது இதற்காகத்தான். அப்போது நுணுக்கமெல்லாம் கரைந்துபோய், கேன்வாஸில் உண்மையில் எது சத்தமாக இருக்கிறது என்பது தெரிந்துவிடும். உங்கள் ஓவியத்தை அப்படிப் பார்த்தால் ஒரு வெள்ளைச் செவ்வகமும் ஒரு சிவப்புத் திட்டும் மட்டும்தான் மிஞ்சும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் உறுதியானது. மனித முகத்துக்குத் தனி இழுப்பு உண்டு. பிறந்த குழந்தைகூட முகம் போன்ற அமைப்பை நோக்கித் திரும்பும். அதாவது உங்கள் பெண்ணின் முகத்துக்கு நீங்கள் எதுவும் செய்யாமலேயே ஒரு சலுகை இருக்கிறது. அதையும் மீறி ஜன்னல் ஜெயிக்கிறது என்றால் ஜன்னலுக்கு நீங்கள் கொடுத்திருக்கும் பலம் ரொம்ப அதிகம்.

அந்தப் பலம் எங்கிருந்து வந்தது? டோனில் இருந்து. டோன் என்று நான் சொல்வது, எந்த நிறமாக இருந்தாலும் அது எவ்வளவு வெளிர்ப்பு, எவ்வளவு கருமை என்பதை. இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். வெள்ளைப் பெயிண்ட் தன்மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். சாதாரணக் கறுப்புப் பெயிண்ட் ஏறக்குறைய 4 சதவீதத்தை அனுப்பும். ஆக கேன்வாஸில் நம்மிடம் இருக்கும் மொத்த வித்தியாசமே இருபது மடங்கு சொச்சம்தான். நிஜத்திலோ பகல் நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே தெரிகிற ஆகாயம் மட்டுமே அறைக்குள் இருக்கும் முகத்தைவிடப் பல பத்து மடங்கு, சமயத்தில் நூறு மடங்குகூடப் பிரகாசமாக இருக்கும். கண்ணில் பட்டதை அப்படியே வரைய முயன்றால் வெள்ளை முழுவதையும் ஜன்னலே எடுத்துக்கொண்டுவிடும், முகத்துக்கு நடுத்தரமான பழுப்புதான் மிச்சமிருக்கும். பார்த்ததை உள்ளபடி வரைந்தேன் என்பது இங்கே சமாதானமாகாது. இருக்கிற இருபது மடங்கை யாருக்கு எவ்வளவு பிரித்துக் கொடுப்பது என்று நாம்தான் தீர்மானித்தாக வேண்டும். ஓவியம் என்ற வேலையின் பெரும்பகுதி அந்தத் தீர்மானம்தான் என்பேன்.

உங்கள் காட்சியையே வரைந்த ஒருவர் இருக்கிறார் என்பதால் அவரிடமே போவோம். டச்சு ஓவியர் யோஹன்னஸ் வெர்மீர், 17ஆம் நூற்றாண்டு. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகர அருங்காட்சியகத்தில், திறந்த ஜன்னலருகே நின்று கடிதம் படிக்கும் பெண்ணை அவர் வரைந்த ஓவியம் இருக்கிறது, 1657–59 வாக்கில் வரைந்தது. ஜன்னல் பெரியதுதான், திறந்துதான் இருக்கிறது, ஆனால் வெளியே ஆகாயம் தெரிவதே இல்லை. பக்கவாட்டிலிருந்து பார்க்கும்படி வைத்திருப்பதால், நமக்குத் தெரிவது கதவின் கண்ணாடியும் அதில் மங்கலாகப் பிரதிபலிக்கும் அவள் முகமும்தான். அதாவது ஜன்னலைப் பார்க்கப் போகிற கண்ணுக்கு அங்கேயும் அவள் முகமே கிடைக்கிறது. வெளிச்சம் அவள் நெற்றியிலும் கடிதத்திலும் பின்சுவரிலும் விழுந்து கிடக்கிறது. சிவப்பும் இருக்கிறது: ஜன்னலின் மேல் ஒரு சிவப்புத் திரை, முன்னால் மேசை விரிப்பில் சிவப்பு. ஆனால் அது ஒரே இடத்தில் தனியாக நின்று கூப்பிடவில்லை, பிரிந்து, பெரும்பாலும் நடுத்தர டோனிலும் கருமையிலும் கிடக்கிறது. அதனால்தான் தொல்லை கொடுப்பதில்லை.

இந்த ஓவியத்துக்கு ஒரு கதை உண்டு, அது கம்போசிஷன் பற்றிய நல்ல பாடம். ரொம்ப காலமாகப் பின்சுவர் வெறும் சுவராகத்தான் இருந்தது. 1979இல் எக்ஸ்ரே எடுத்தபோது அந்தச் சுவரில் மன்மதன் ஓவியம் ஒன்று மாட்டியிருப்பது போல வரைந்து, பின்னால் யாரோ பூசி மறைத்திருப்பது தெரிந்தது. மறைத்தது வெர்மீர் இல்லை, அவர் காலத்துக்குப் பிந்தைய கை என்று ஆய்வில் உறுதியானதும் அந்தப் பூச்சை நீக்கினார்கள். 2021 முதல் மன்மதனோடுதான் அது மாட்டியிருக்கிறது. முன்னும் பின்னும் எடுத்த படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெறும் சுவர் இருந்தபோது அவள் தலையைச் சுற்றி நிறைய அமைதியான இடம், கண் நேராக முகத்துக்கு வந்து அங்கேயே நின்றது. இப்போது மேலே ஒரு பெரிய உருவம், கண் அங்கே போய்விட்டு வருகிறது, அது காதல் கடிதம் என்ற செய்தியோடு வருகிறது. கவனம் கொஞ்சம் சிதறுகிறது, அர்த்தம் கூடுகிறது. எது மேல் என்று விமர்சகர்களுக்குள் ஒரே கருத்து இல்லை. எனக்கு வெறும் சுவர்தான் அதிகம் பிடித்திருந்தது, ஆனால் வெர்மீர் விரும்பியது அதையல்ல என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சில வருடங்கள் கழித்து அவரே வரைந்த இன்னொரு ஓவியத்தில், நீல ஜாக்கெட் போட்ட பெண் கடிதம் படிக்கிறாள், ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறது. அதில் ஜன்னலே கிடையாது. வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வருகிறது, ஆனால் ஜன்னல் ஓவியத்தின் சட்டகத்துக்கு வெளியே போய்விட்டது. இன்னொன்றைக் கூர்ந்து கவனியுங்கள்: நாற்காலிக்கும் சுவரில் தொங்கும் வரைபடத்துக்கும் சுவரில் நிழல் விழுகிறது, அவளுக்கு மட்டும் நிழல் இல்லை. நிஜத்தில் இது நடக்காது. அவள் உருவத்தின் பின்னால் ஒரு கருந்திட்டு விழுந்து அந்த அமைதியைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே விட்டிருக்கிறார் என்பது என் ஊகம். வெளிச்சத்துக்கு இவ்வளவு விசுவாசமான ஓவியரே தேவைப்பட்ட இடத்தில் நிழலை எடுத்துவிட்டார் என்றால் நீங்கள் உங்கள் ஜன்னலின் வெள்ளையைக் குறைப்பதில் தயங்க ஒன்றுமில்லை.

டோனுக்கு அடுத்தபடி நான் விளிம்பைத்தான் சொல்வேன், நிறத்தை அல்ல. இரண்டு பரப்புகள் சந்திக்கிற கோடு கத்தியால் வெட்டியது போல இருந்தால் கண் அங்கே நிற்கும், ஒன்றோடொன்று கரைந்திருந்தால் வழுக்கிக்கொண்டு போய்விடும். வெர்மீரின் முத்துத் தோடு அணிந்த பெண் ஓவியத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அதில் மூக்குத்தண்டுக்கும் அந்தப் பக்கத்துக் கன்னத்துக்கும் நடுவில் கோடு கிடையாது. இரண்டும் ஒரே சதை நிறமாக ஓடுகின்றன, மூக்கு எங்கே முடிகிறது என்று தேடினால் கிடைக்காது. நம் மூளைதான் அதை வரைந்துகொள்கிறது. முத்தும் அப்படித்தான், மேலே ஒரு கெட்டியான வெள்ளைத் தீற்றல், கீழே காலரின் வெளிச்சம் பட்டதாக ஒரு மென்மையான சாம்பல் வளைவு, காதோடு இணைக்கிற கொக்கிகூட வரையவில்லை. கூர்மையான புள்ளிகள் எவை என்று எண்ணிப் பார்த்தால் கண்ணின் ஒளிப்புள்ளிகள், ஈர உதட்டின் மேல் சின்ன வெளிச்சம், முத்தின் வெள்ளை, அவ்வளவுதான் மிஞ்சும். உங்கள் ஓவியத்தில் ஜன்னல் சட்டத்தின் நான்கு கோடுகளும் ஸ்கேல் வைத்து இழுத்தது போல இருந்தால், முகத்தின் மென்மையான வளைவுகள் அதனிடம் தோற்றுப்போகத்தான் செய்யும்.

இனி நிறம். சிவப்பு கண்ணை இழுக்கும் என்று பொதுவாகச் சொல்கிறோம், அது பாதி உண்மை. எந்த நிறமும் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பலமாகவோ சாதுவாகவோ தெரியும். பாரிஸில் கோபெலின் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவைக் கவனித்துக்கொண்டிருந்த மிஷெல் ஷெவ்ரல் என்ற வேதியியலாளரிடம், கறுப்புச் சாயம் சரியில்லை என்று புகார் வந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறை இல்லை, கூடவே நெய்த பக்கத்து நிறங்கள்தான் கறுப்பை மங்கலாகக் காட்டின. அதிலிருந்து தொடங்கி 1839இல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சி பிற்பாடு ஓவியர்களை வெகுவாகப் பாதித்தது. சாம்பலும் பழுப்புமான ஓவியத்தில் ஒரே ஒரு சுத்தமான சிவப்பு இருந்தால் அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் கூப்பிடும். அதே சிவப்பின் மங்கலான சாயல்கள் இன்னும் இரண்டு மூன்று இடங்களில் வந்தால் அது குடும்பத்தில் ஒன்றாகிவிடும். சதை நிறத்துக்கும் இதே விதிதான். எந்த மனிதத் தோலானாலும், மாநிறமோ கறுப்போ வெளுப்போ, பெயிண்டாகப் பார்த்தால் பெரும்பாலும் வீரியம் குறைந்த ஒரு ஆரஞ்சு வகைதான். அதைப் பளிச்சிட வைக்கக் கன்னத்தில் சிவப்பைக் கூட்டினால் காய்ச்சல் வந்தது போல ஆகிவிடும். அதைவிடப் பின்னணியைச் சற்றுப் பச்சை கலந்த சாம்பலாகவோ நீலச் சாம்பலாகவோ மாற்றினால் முகத்தைத் தொடாமலேயே அது வெதுவெதுப்பாகத் தெரியும். உங்கள் குஷன் விஷயத்தில் பெரிய இடைஞ்சல் அது சிவப்பாக இருப்பதை விட மூலையில் தனியாக இருப்பதுதான். மூலையில் நின்றுபோகிற கண்ணுக்கு அடுத்து போக இடம் ஓவியத்துக்கு வெளியேதான்.

வெளிச்சம், அமைப்பு, விளிம்பு எல்லாம் ஒரே இடத்துக்கு ஒத்துழைத்தால் என்ன ஆகும் என்பதற்கு லியனார்டோவின் கடைசி இராவுணவு ஓவியத்தைக் காட்டுவேன். அறையின் சுவர், கூரைக் கோடுகள் எல்லாம் போய்ச் சேரும் புள்ளி இயேசுவின் நெற்றிப்பொட்டருகே இருக்கிறது, அங்கே ஆணி அடித்து நூல் கட்டிக் கோடு போட்டதற்கான ஓட்டையும் சுவரில் கிடைத்திருக்கிறது. இரண்டு பக்கமும் சீடர்கள் மூன்று மூன்று பேராக நெருக்கியடித்திருக்க, அவரைச் சுற்றி மட்டும் இடைவெளி. தலைக்குப் பின்னால் ஒரு ஜன்னல், அதில் வெளிர் ஆகாயம், அதன் முன்னால் தலை கருமையாக. அங்கே ஜன்னல் முகத்துக்காக உழைக்கிறது. ஆக ஜன்னலை வைத்துக்கொண்டே தப்பிக்கவும் வழி உண்டு: முகத்தை அதற்கு முன்னால் கொண்டுவந்துவிட வேண்டும். முடிந்துபோன ஓவியத்தில் அது நடக்காது, அடுத்ததில் யோசியுங்கள்.

சட்டகம் எங்கே வெட்டுகிறது என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொரு டச்சு ஓவியர் ரெம்பிரான்ட்டின் இரவுக் காவல் என்ற ஓவியம் சாட்சி. 1642இல் வரைந்ததை 1715இல் வேறு கட்டடத்துக்கு மாற்றியபோது சுவரில் இடம் போதவில்லை என்று நாலு பக்கமும் வெட்டினார்கள், இடப்பக்கம் நிறையப் போனது. முன்னால் வரும் இரண்டு முக்கிய ஆட்களும் முதலில் நடுவிலிருந்து வலப்பக்கம் தள்ளி இருந்தார்கள், முன்னால் நடந்துபோக இடம் இருந்தது. வெட்டிய பிறகு நடுவுக்கு வந்து கொஞ்சம் நின்றுவிட்டது போல ஆனார்கள். ஒரு தீற்றலும் மாறவில்லை, ஓரம் மட்டும்தான் மாறியது. வெளிச்சத்தை வேண்டிய இடத்துக்குப் பிரித்துக் கொடுப்பதற்கும் அதுவே சாட்சி: கூட்டத்துக்குள் இருக்கிற ஒரு சின்னப் பெண் மேல், அவள் நிற்கும் இடத்தில் விழ நியாயமே இல்லாத அளவுக்கு வெளிச்சம் விழுகிறது.

உருவ ஓவியத்துக்கு மட்டுமே உள்ள ஒரு ஆயுதம் பார்வை. ஒரு உருவம் எங்கே பார்க்கிறதோ அங்கே நாமும் பார்ப்போம். ரவிவர்மாவின் சகுந்தலை முள்ளை எடுக்கிற சாக்கில் திரும்பிப் பார்க்கிறாள், அவள் பார்க்கிற துஷ்யந்தன் ஓவியத்தில் இல்லை. நம் கண் அவள் பார்வையோடு வெளியே போய், ஒன்றும் கிடைக்காமல் மறுபடி அவள் முகத்துக்கே திரும்புகிறது. உங்கள் பெண் கடிதத்தைப் பார்க்கிறாள் என்பது உங்களுக்குச் சாதகம். முகம், கடிதம், விரல்கள் மூன்றும் ஒன்றையொன்று சுட்டிக்கொண்டிருக்கும், கண் அதற்குள்ளேயே சுற்றும், கடிதத்தின் வெள்ளை ஜன்னலின் வெள்ளையோடு போட்டி போடாமல் இருந்தால்.

இனி நான் நம்பிச் சொல்லத் தயங்குகிற விஷயங்கள். இந்தக் கோடு வழியாகக் கண் உள்ளே நுழைந்து, கை வழியாக ஏறி, முகத்தில் முடிகிறது என்று அம்புக்குறி போட்டு விளக்குகிற பழக்கம் இருக்கிறது. கண் அப்படி ஊர்ந்து போவதில்லை என்று தெரிந்து ரொம்ப நாளாகிறது. சோவியத் விஞ்ஞானி ஆல்ஃபிரட் யார்பஸ், ரஷ்ய ஓவியர் இலியா ரெப்பினின் ஓவியம் ஒன்றைக் காட்டிப் பார்வையைப் பதிவு செய்தார். நாடுகடத்தலிலிருந்து எதிர்பாராமல் வீடு திரும்பும் ஒருவரைக் குடும்பம் பார்க்கும் காட்சி அது. சும்மா பார்க்கச் சொன்னபோது கண் முகத்திலிருந்து முகத்துக்குத் தாவித் தாவித் திரும்பி வந்தது. இந்தக் குடும்பம் வசதியானதா என்று கேட்டபோது வேறு தினுசாக, இவர்களுக்கு வயது என்ன என்று கேட்டபோது இன்னொரு தினுசாகப் பாதை மாறியது. ஒரே ஓவியம், ஒரே ஆள், கேள்வி மட்டும் வேறு. அதனால் என் கணிப்பு இது: கண் எங்கே இறங்கும், எங்கே அடிக்கடி திரும்பி வரும் என்பதில் ஓவியருக்கு நல்ல பிடி இருக்கிறது, எந்த வழியாக வரும் என்பதில் பிடி ரொம்பக் குறைவு. மூன்றில் ஒரு பங்கு விதி (ஓவியத்தை மூன்றாகப் பிரிக்கிற கோடுகளில் முக்கியமானதை வை என்பது), பொன் விகிதம் (சுமார் 1:1.6 என்ற அளவில் பிரி என்பது) இவற்றில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. நடுவில் அசையாமல் நிறுத்துவதைத் தவிர்க்க முதலாவது உதவும், அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. வெதுவெதுப்பான நிறம் முன்னால் வரும், குளிர்ச்சியான நிறம் பின்னால் போகும் என்பதும் டோனும் விளிம்பும் ஒத்துழைத்தால் மட்டுமே நடக்கும். கூர்மையான விளிம்புள்ள வெளிர் நீலம் மங்கலான பழுப்பை எளிதாகத் தாண்டிக்கொண்டு முன்னால் வந்துவிடும்.

சரி, உங்கள் ஓவியத்துக்கு வருவோம். நேரில் பார்க்காமல் சொல்கிறேன், அதனால் எதையும் நேரடியாகக் கேன்வாஸில் செய்யாதீர்கள். நன்றாகக் காய்ந்திருந்தால் மேலே ஒரு தெளிவான பிளாஸ்டிக் ஷீட்டை விரித்து, அதில் பெயிண்ட் வைத்துச் சோதியுங்கள், பிடிக்காவிட்டால் துடைத்துவிடலாம். முதல் வேலை ஜன்னல். அதன் வெள்ளையை மெல்லிய நீலச் சாம்பலால், நெற்றியில் இருக்கும் உச்ச வெளிச்சத்தைவிட ஒரு படி கீழே வரும்வரை இறக்குங்கள். ஒரு பாதியில் திரையோ எதிர் மரத்தின் நிழலோ வந்தால் இன்னும் நல்லது. சட்டத்தின் கோடுகளில் முகத்திலிருந்து தூரமாக இருப்பவற்றை உலர்ந்த பிரஷால் தேய்த்துக் கரைத்துவிடுங்கள். அதைச் செய்துவிட்டு ஒரு நாள் விட்டுப் பாருங்கள், ஏனென்றால் ஜன்னல் இறங்கியதும் குஷன் முன்பைவிடச் சத்தமாகத் தெரிய வாய்ப்பு இருக்கிறது. அப்புறம் குஷனின் சிவப்பில் கொஞ்சம் பச்சையைக் கலந்து அடக்கி, அதன் சாயலை உடையின் மடிப்பிலோ கடிதத்தைப் பிடித்த விரல் நுனியிலோ லேசாகக் கொண்டுவாருங்கள். சரிபார்க்க போனில் கறுப்பு-வெள்ளைப் படம் எடுக்கலாம், ஆனால் சிவப்பைப் போன் தன் இஷ்டத்துக்கு வெளிர்ப்பாகவோ கருமையாகவோ மாற்றிக் காட்டும், அதனால் குஷனைப் பொறுத்தவரை கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதையே நம்புங்கள். கண்ணாடியில் திருப்பிப் பார்ப்பதும் பழகிப்போன கண்ணுக்குப் புதிதாகக் காட்டும்.

இவ்வளவுக்கும் பிறகு முகம் பின்தங்கியே இருந்தால், கன்னத்துக்கும் பின்னணிக்கும் டோன் வித்தியாசம் போதவில்லை என்று அர்த்தம். அப்போதும் கன்னத்தை விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் இருக்கும் சுவரை ஒரு படி கருமையாக்கிப் பாருங்கள். மாற்றிய பிறகு முழு ஓவியத்தையும் சாதாரண வெளிச்சத்தில் படம் எடுத்துப் போட்டால், எந்த இடத்தில் இன்னும் குறைக்கலாம் என்று குறித்துக் காட்டுகிறேன்.